டாக்டர் ஹாப் பூ பொறுக்க வந்த சனிக்கிழமை

1

பீருக்குக் கசப்பு எங்கிருந்து வருகிறது என்று உங்களில் யாரும் என்னைக் கேட்டதில்லை. குளிர் எப்படி, சம்பளம் எப்படி, வெள்ளைக்காரன் மரியாதையாக நடத்துகிறானா, இவ்வளவுதான் ஊர்க் கடிதங்களில் வருகிற கேள்விகள். நான் இங்கிலாந்துக்கு வந்த நாளாய்ச் செய்கிற வேலை கசப்பு விளைவிப்பது. அதைக் கொஞ்சம் சொன்னால்தான் போன இலையுதிர் காலத்தில் நடந்ததைச் சொல்ல முடியும்.

ஹாப் என்பது ஒரு கொடி. நம் பக்கத்து வெற்றிலை அகத்தியைப் பிடித்து ஏறுவதுபோல, இது கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஏறும். இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் போய்ப் பூக்கும். தாமரை மொக்கைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பச்சைக் காகிதத்தில் செய்தாற்போன்ற பூ. இதழுக்குள் மஞ்சள் பொடி இருக்கும். அந்தப் பொடிதான் கசப்பு. பூவைப் பறித்து, சூளைக் கட்டடத்தில் உலர்த்தி, மூட்டை கட்டி, பீர் காய்ச்சுகிறவர்களுக்கு அனுப்புகிறோம்.

எங்கள் பண்ணையில் மூன்று வகை. ஃபக்கிள் பழைய வகை, அடக்கமான கசப்பு. வாடல் நோய் வந்து வருஷத்துக்கு வருஷம் செத்துக்கொண்டிருக்கிறது. கோல்டிங் வாசனைக்குப் பேர்போனது. நோயென்றாலும் காற்றென்றாலும் முதலில் படுத்துக்கொள்வதும் அதுதான். டார்கெட் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த புதுப் பிள்ளை. நோய் லேசில் அண்டாது. கசப்பு நாக்கை அறுக்கும்.

இந்த மூன்றில் எதைப் போட்டுப் பீர் காய்ச்சுவது என்று இந்த நாட்டின் படித்த ஆட்கள் பேசுவதை நீங்கள் கேட்க வேண்டும். ஒருவர் தேன் என்பார். ஒருவர் மழை பெய்த மண் என்பார். மூன்றாமவர் கண்ணை மூடிக்கொண்டு, தன் சிறுவயதுக் குதிரையின் சேணம் என்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள்கூட இவ்வளவு பேசி நான் கண்டதில்லை. எனக்கு மூன்றும் கசக்கிய நொச்சி இலைதான். நான் குடிப்பதில்லை. குடிக்காதவனுக்கு அபிப்பிராயம் கிடையாது என்பது இங்கே சட்டம்போல. அதனால் என்னை யாரும் கேட்பதில்லை, எனக்கும் நிம்மதி.

2

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் ஐந்தாவது படித்தவன் கென்ட் மாவட்டத்துக்கு எப்படி வந்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்தில் கப்பலேறிச் சிங்கப்பூர் போனேன். அங்கே ராணுவ முகாமில் ஒரு மேஜர் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டேன். வெள்ளைக்காரன் முகாமை மூடிக்கொண்டு கிளம்பியபோது, மேஜர் தன் அப்பாவின் ஹாப் பண்ணைக்குத் திரும்பினார். என்னையும் கூப்பிட்டார். நான் அளவாகப் பேசுவது அவருக்குப் பிடித்திருந்ததாம். அளவாகப் பேசியதற்குக் காரணம் அஞ்சாம் கிளாஸ் படிப்பும் கூச்சமும். அதை அவர் குணம் என்று எடுத்துக்கொண்டார். இவர்கள் ஒருவனைத் தப்பாகப் புரிந்துகொண்டு நல்லது செய்வார்கள். நம்மவர்கள் சரியாகவே புரிந்துகொள்வார்கள். அதனால் ஒரு நன்மையும் வந்ததில்லை.

முதல் நாள், இளங்கொடியைக் கயிற்றில் ஏற்றிவிடும் வேலை. மேஸ்திரி என் கையில் நூல்கண்டைக் கொடுத்துத் தோட்டத்தைக் காட்டினார். நான் பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரப்போரம் நின்றுவிட்டேன். அவர் மறுபடி காட்டினார். நான் நின்றேன்.

எங்கள் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் செருப்போடு யாரும் போகமாட்டார்கள், கொடி வாடிவிடும் என்பார்கள். எங்கள் தெரு ஆட்கள் வெறுங்காலோடும் போக முடியாது. எருவோ மண்ணோ சுமந்து வந்தால் வரப்பில் இறக்கிவிட்டு நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வரிசை வரிசையாகக் கொடி ஏறிய ஒரு தோட்டத்தைப் பார்த்ததும் என் கால் தானாக நின்றது. அதற்கு இங்கிலாந்து, இந்தியா தெரியவில்லை.

மேஸ்திரி நேராக மேஜரிடம் போய், புது ஆள் வேலைநிறுத்தம் செய்கிறான் என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் தினம் ஒரு வேலைநிறுத்தம். மேஜர் வந்து, உன் கோரிக்கை என்ன என்று கேட்டார். உள்ளே வா என்று யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. அதை இங்கிலீஷில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அவரே உள்ளே போய் நின்றுகொண்டு, என்ன செய்கிறேன் பார் என்று கையைக் காட்டிக் கூப்பிட்டார். போனேன்.

மேஸ்திரி இன்றைக்கும் மதுக்கடையில் அந்தக் கதையைச் சொல்கிறார். அவர் சொல்லும் கதையில் நான் பெரிய தொழிற்சங்கக்காரன். நான் திருத்தியதில்லை. திருத்த ஆரம்பித்தால் ஊரையே எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த ஊர் அப்படிச் சொல்லிக்கொள்கிற லட்சணத்திலா இருந்தது?

3

அங்கேயும் வகை தேர்ந்தெடுத்தார்கள். பண்ணை வீட்டுக் கூடத்தில் அது நடக்கும். இந்தப் போகத்துக்கு எந்த நெல், எந்த வயலுக்கு எது என்று மிராசுதாரும் காரியஸ்தரும் பேசுவார்கள். என் அப்பா பண்ணையாள். வாசலுக்கு வெளியே நின்று, முடிவைக் கேட்டுக்கொண்டு வருவார். ஐ.ஆர். எட்டு வந்த வருஷம் அதை ஊரெல்லாம் போட்டார்கள். விளைச்சல் கொட்டியது. கூலிக்கு அளந்ததும் அந்த மோட்டா நெல்தான். பண்ணை வீட்டு உலையில் மட்டும் கிச்சிலிச் சம்பா கொதித்தது. குட்டை ரகத்துக்கு வைக்கோலும் குட்டை, கூரை போடக் காணாது. சோறும் தடித்தது, கூரையும் ஒழுகியது. இதற்குப் பசுமைப் புரட்சி என்று பேர் வைத்தவர்கள் ஒழுகாத வீட்டில் இருந்தவர்கள்.

அறுவடைக் கூலியைக் கொஞ்சம் கூட்டி அள என்று கேட்டு எங்கள் தெருவில் செங்கொடி ஏற்றினார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தார்கள். போலீஸ் வேன் வந்தது. அப்பாவின் முன்பற்கள் போயின. இதற்கிடையில் ஆட்சி மாறியது. மேடைக்கு மேடை அடுக்குமொழி. உழைப்பவர் உயர்வார், உறங்கியவர் எழுவார் என்றெல்லாம் சுவரில் எழுதினார்கள். சாராயக் கடையைத் திறந்தார்கள், மூடினார்கள், அடுத்து வந்தவர்கள் மறுபடி திறந்தார்கள். தாய்மார்களின் கண்ணீரைத் துடைக்க மூடியதாகச் சொன்னார்கள். திறந்தபோது யார் கண்ணீர் என்று சொல்லவில்லை.

ஆனால் ஒரு நல்ல சட்டம் வந்தது. பண்ணை இடத்தில் குடிசை போட்டுக் குடியிருப்பவனுக்கே அந்த மனை சொந்தம் என்றது. அதை நான் மறுக்கமாட்டேன். சட்டம் வருமுன்பே மிராசுதார்கள் என்ன செய்து வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து நிலத்தை மகன் பேரில், மருமகள் பேரில், பேரன் பேரில், கோயில் பேரில் பிரித்து எழுதியிருந்தார்கள். மாட்டின் பேரில் எழுத முடியாது என்று கணக்குப்பிள்ளை சொன்னதால் மாடு ஒன்றுதான் மிராசுதார் ஆகாமல் தப்பியது.

என் அக்கா அஞ்சலை புருஷனை இழந்தவள். பண்ணையின் தென்னந்தோப்புக்குப் பின்னால், வாய்க்கால் ஓரம், அப்பா போட்ட வீட்டில் இருக்கிறாள். அந்த மனைக்குப் பட்டா கேட்டு மனு போட்டாள். வருஷா வருஷம் நிலக்கணக்குப் பார்க்கிற ஜமாபந்தியில் தாசில்தார் முன்னால் நின்றாள். ஒவ்வொரு தரமும் ஆட்சேபணை இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். என்ன ஆட்சேபணை என்று அவள் மகன் போன வருஷம் போய்க் கேட்டு எழுதினான். அந்த மனை மிராசுதாரின் இளைய மகன் பாகத்தில் வருகிறதாம். அவர் அதே இடத்தில் வீடு கட்டித் தானே குடியிருந்து, தோப்பைச் சொந்த சாகுபடி செய்துவருகிறாராம். கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

அந்த இளைய மகன் இங்கிலாந்தில் டாக்டர்.

அடுத்த ஜமாபந்திக்குள் இந்த ஆட்சேபணை விலகாவிட்டால் அக்கா இடத்தைக் காலி செய்ய வேண்டுமாம். வேலியை அதற்குள்ளேயே பிடுங்கிவிட்டார்கள்.

4

எங்கள் மேஜருக்குப் போன கோடையில் நெஞ்சுவலி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இந்திய டாக்டர் பார்த்தார். பிழைத்து வந்த மேஜர் என்னிடம், அவரும் உங்கள் தஞ்சாவூர்ப் பக்கமாம், வீட்டில் தானே பீர் காய்ச்சுகிறாராம், அறுவடை முடிந்ததும் வந்து பிடித்த ஹாப்பை அள்ளிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன் என்றார். பெயரையும் சொன்னார். எங்கள் ஊர்ப் பண்ணை வீட்டுப் பெயர்.

வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் சொன்னேன். என் மனைவி மன்னார்குடிக்காரி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். பத்து வெள்ளைக்காரிகளைத் தமிழிலேயே அதட்டுகிறவள். "கேட்டுருவீங்களா?" என்றாள். கேட்கிறேன் என்றேன். "கேக்க மாட்டீங்க. அவரு முன்னாடி போனதும் கை ரெண்டும் தானா கட்டிக்கும். அதுக்கப்புறம் வாயி எங்க தொறக்கும்?"

மகள் மலருக்கு இந்தப் பேச்சே சலிப்பு. இங்கே பிறந்தவள். தமிழ் புரியும். பேசினால் பாதியில் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவாள். நீங்கள் திரும்பிப் போகப்போவதில்லை, அத்தைக்கு ஒரு ஃபிளாட் வாங்கிக் கொடுத்துவிடலாமே என்றாள். வாய்க்கால் ஓரத்தில் ஃபிளாட். "மட் ஹவுஸ்தானப்பா அது, அதுக்கா இவ்ளோ டென்ஷன்?" என்று வேறு கேட்டாள். மண்வீடுதான். அதில் இருந்துகொண்டு கூலி கேட்டதில்தான் அவள் தாத்தாவின் பல் போனது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் தாத்தாவுக்கு நல்ல டென்டிஸ்ட் பார்த்திருக்கலாமே என்பாள். அவள் மேல் தப்பில்லை. சினேகிதிகளோடு போய் அரைக் கிளாஸ் பீர் குடித்துவிட்டு, இது கோல்டிங், இது வேறு என்று சரியாகச் சொல்கிறாளாம். எங்கள் வம்சத்தில் முதல்முதலாகக் கசப்பில் வகை பிரிக்கத் தெரிந்தவள். லண்டனில் பொங்கலுக்குப் பொங்கல் கூடுகிற சங்கத்தாரிடம் ஒப்படைத்தால் அவளுக்குத் தமிழ் வந்துவிடும் என்கிறார்கள். அங்கே முதல் கேள்வியே எந்த ஊர், இரண்டாவது கேள்வி அந்த ஊரில் எந்தப் பக்கம் என்பது. அந்தத் தமிழ் அவளுக்கு வராமலே இருக்கட்டும்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியதைச் சூளைக்குள் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். ஐயா என்று ஆரம்பித்தால் அங்கேயே நின்றுவிடுகிறது. சார் என்றால் பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. கடைசியில் டாக்டர் என்று வைத்துக்கொண்டேன். இங்கே பால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

5

சனிக்கிழமை காலை வந்தார். பெரிய கார், முழங்கையில் தோல் வைத்துத் தைத்த கோட்டு. நிலத்துக்காரர்கள் போடுவார்கள் என்று கடையில் சொல்லி விற்கிற கோட்டு. நிஜ நிலத்துக்காரரான மேஜர் கிழிந்த ஸ்வெட்டரில் நின்றார். தானும் விவசாயக் குடும்பம்தான், தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்தவர்கள் என்று டாக்டர் அவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். மாதிரி பார்க்கிற அறையில் மூன்று வகைப் பூவையும் மேசைமேல் கொட்டி வைத்திருந்தேன். இது செடியிலேயே இப்படித்தான் இருக்குமா என்று கேட்டார். கொடி என்று மேஜர் சொன்னார்.

ஹாப்பைத் தேர்ந்தெடுக்க ஒரே வழிதான். ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துச் சூடு வரக் கசக்க வேண்டும். மஞ்சள் பொடி உருகிப் பிசின் ஆகும். அப்போதுதான் வாசனை விரியும். உடனே கையைக் குவித்து மூக்கை அதற்குள் விட்டு இழுக்க வேண்டும். பிசின் கையைக் கறுப்பாக்கும், லேசில் போகாது. மேஜருக்கு விரல்மூட்டு வீங்கிப்போனதால் வருகிறவர்களுக்கு நான்தான் கசக்கிக் காட்டுவேன். அவர்கள் என் கையில் முகர்வார்கள்.

ஃபக்கிளை எடுத்துக் கசக்கினேன். இரண்டு கையையும் குவித்து நீட்டினேன்.

இந்த டாக்டரின் அப்பா வீட்டில் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் இப்படித்தான் கையைக் குவித்துக் குனிவோம். மேலேயிருந்து ஊற்றுவார்கள், செம்பு கையில் படாது. இப்போது அந்த வீட்டுப் பிள்ளை குனிந்தார். என் கைக்குள் மூக்கை விட்டார். மூச்சு உள்ளங்கையில் சுட்டது. அருமை, மண்வாசனை, மழை என்றார். கோல்டிங்கைக் கசக்கினேன். மறுபடி குனிந்தார். தேன் என்றார். இங்கிலீஷில் யாரோ எழுதியதைப் படித்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அதில் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. மேலே ஏறி நின்றதெல்லாம் இவ்வளவு லேசில் கீழே வருமென்றால், எங்கள் தாகத்துக்கு எதற்கு அத்தனை உயரத்திலிருந்து ஊற்றினார்கள் என்றுதான் தோன்றியது.

இந்த ஆளும் உங்கள் ஊர்ப் பக்கம்தான் என்று மேஜர் சந்தோஷமாகச் சொன்னார். டாக்டர் நிமிர்ந்து முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். அதுவரை மேஜரோடு பட்டுப்போல் பேசியவர் தமிழுக்கு வந்ததும் வேறு ஆளானார்.

"எந்த ஊருடா நீ?"

ஊரைச் சொன்னேன். அவர் ஊர்தான்.

"அங்க எந்தத் தெரு?"

டார்கெட் கையில் இருந்தது. கசக்கிக்கொண்டே சொன்னேன். "உங்க தோப்புக்குப் பின்னாடி, டாக்டர். வாய்க்கா ஓரம். நீங்க குடியிருக்கிறதா தாசில்தாருக்கு எழுதிக் குடுத்திருக்கீங்களே, அந்த வீடு. எங்க அக்கா அஞ்சலை இருக்குது அதுல."

கை கட்டிக்கொள்ளவில்லை. கட்டியிருந்தால் பூ விழுந்திருக்கும்.

டாக்டர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். பிறகு, அதெல்லாம் அண்ணன் பார்க்கிற விஷயம், காகிதம் அனுப்புவார், கையெழுத்துப் போட்டு அனுப்புவேன், எனக்கு எதுவும் தெரியாது என்றார். ஊருக்குப் போகும்போது விசாரிக்கிறேன் என்றார். ஊரில் பெரிய மனிதர்கள் எல்லோரும் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வருகிற வாக்கியம் அது.

என்ன பேச்சு என்று மேஜர் கேட்டார். பழைய ஊர்க்கதை என்று டாக்டர் சிரித்தார். எனக்கு இங்கிலீஷில் நீளமாகச் சொல்ல வராது. இருக்கிற சொற்களை வைத்துச் சொன்னேன்.

"இவர் என் அக்கா வீட்டில் குடியிருக்கிறார்."

மேஜர் தலையைச் சாய்த்து டாக்டரைப் பார்த்தார். "அப்படியா? நீங்கள் செவனோக்ஸ் டவுனில் இருப்பதாக அல்லவா நினைத்தேன்."

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே குழம்பியிருந்தார். தாசில்தார் ஆபீசில் வருஷக்கணக்காகச் செல்லுபடியான பொய் ஒரு கிழவரின் குழப்பத்துக்கு முன்னால் நிற்கவில்லை. டாக்டர் விளக்க ஆரம்பித்தார். நிலம், பாகம், சட்டம், அண்ணன் என்று போனார். போகப்போக அது கேவலமாகிக்கொண்டே வந்தது. அவருக்கே அது காதில் விழுந்தது. மேஜர் கடைசியில் ஒன்றுதான் கேட்டார். "ஆக, அங்கே நீங்கள் குடியிருக்கவில்லை?"

"இல்லை."

"அதை எழுதிக் குடுங்க, டாக்டர்," என்றேன் தமிழில். "அண்ணனுக்கு வேண்டாம். தாசில்தாருக்கு."

காகிதம் இல்லை என்றார். சட்டைப்பையில் தெரிந்த மருந்துச்சீட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். மேஜர் தன் பேனாவை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். எழுதினார். இங்கிலீஷில்தான்: நான் அங்கே குடியிருக்கவில்லை, சாகுபடி செய்யவில்லை, அஞ்சலைக்குப் பட்டா கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கீழே மேஜர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, தன் பட்டாளத்தின் பெயரையும் பதவியையும் எழுதினார். நான் சட்டையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டேன். அப்படியும் ஓரத்தில் பிசின் ஒட்டியது.

கார் போன பிறகு, எந்த வகையைத் தேர்ந்தெடுத்தார் என்று மேஜர் கேட்டார். மூன்றும் மேசையில் அப்படியே கிடந்தன.

6

காகிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தாசில்தார் ஆபீசில் மருந்துச்சீட்டில் எழுதியது செல்லாது என்றுதான் முதலில் சொன்னார்களாம். பிறகு கீழே இருந்த மேஜர் கையெழுத்தைப் பார்த்தார்களாம். பட்டாளத்தின் பெயரைச் சத்தமாகப் படித்தார்களாம். அக்கா மகனுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்களாம். வெள்ளைக்காரன் போய் இத்தனை காலம், நம்மவர்கள் ஆட்சிக்கு வந்து இத்தனை காலம், இத்தனை மாநாடு, இத்தனை ஊர்வலம். அஞ்சலையின் சொல்லுக்கும் அவள் அப்பன் பல்லுக்கும் அசையாத நாற்காலி, ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் கிறுக்கலுக்கு அசைந்தது. இதில் யாரை மெச்சுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஜமாபந்தியில் பட்டா கொடுத்துவிட்டார்கள்.

அக்காவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்ல மகன் எழுதிய கடிதம் போன வாரம் வந்தது. வேலி போட்டாயிற்று என்று எழுதியிருந்தது. சரோஜாவையும் மலரையும் விசாரித்திருந்தாள். கடைசியில், மாமா, அம்மா இதை அவங்க சொன்ன மாதிரியே எழுதச் சொல்றாங்க என்று போட்டு, ஒரே ஒரு கேள்வி இருந்தது.

"தம்பி, சின்னப் பண்ணை கையெழுத்துப் போட்டப்ப நீ நின்னுக்கிட்டிருந்தியா, உக்காந்திருந்தியா?"

மாதிரி பார்க்கிற அறையில் உட்கார ஒன்றும் கிடையாது. அவர் நின்றுகொண்டே எழுதினார். மேஜரும் நின்றார். நானும் நின்றேன்.

உட்கார்ந்திருந்தேன் என்று எழுதிப் போட்டேன்.